இறங்கி நடக்கச் சொன்ன அக்கா

எங்கள் பேருந்தில் நடத்துநராக இருந்த அந்த அம்மாவுக்குச் சம்பளம் கொடுத்தது ஆட்களை ஏற்றுவதற்கு. பெயர் கிடைத்ததோ இறக்கிவிட்டதற்கு. 'எறங்கக்கா' என்றால்தான் ஊரில் எல்லோருக்கும் தெரியும். முகத்துக்கு நேரே 'அக்கா', முதுகுக்குப் பின்னால் 'எறங்கக்கா'. அது அவருக்கும் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்.

நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவன். வீடு இந்தப் பக்கம். தினமும் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் அவர் என்னை இறக்கிவிட்டிருக்கிறார். அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஏதாவது தகுதி இருந்தால், அது இந்தக் கால்கள் சம்பாதித்துக் கொடுத்த தகுதி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அக்கா வாயில்லாப் பூச்சி. டிக்கெட் கேட்கவே கூச்சம். பயணியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, அவராகத் திரும்பிப் பார்க்கட்டும் என்று காத்திருப்பார். திரும்பிப் பார்க்காதவர்கள் அப்படியே ஓசிப் பயணம் செய்து இறங்கிப் போனதும் உண்டு. அவருடைய கணவர் சந்தைக்குப் பின்னால் சின்னதாகத் தையல் கடை வைத்திருந்தார். "எங்க வீட்டுல என் பொண்டாட்டி பேசுற சத்தத்தவிட என் மெஷின் சத்தம்தான் ஜாஸ்தி" என்று வாடிக்கையாளர்களிடம் பெருமையடித்துக்கொள்வார். அந்தப் பெருமை ரொம்ப நாள் நிலைக்கவில்லை. காரணம் பாலம்.

எங்கள் ஊரை ஆறு இரண்டாக வெட்டிப் போட்டிருக்கிறது. இந்தப் பக்கம் வீடுகளும் சந்தையும். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், அலுவலகங்கள். நடுவே ஒரே ஒரு பாலம். பேருந்து அதன்மேல் ஏறினால் மொத்தமும் குலுங்கும். நாங்கள் அதைத் தாலாட்டு மாதிரி எடுத்துக்கொண்டு கண்ணயர்ந்துவிடுவோம். ஒருநாள் பாலத்தின் அடியிலிருந்து ஒரு பெரிய காரைக்கட்டி பெயர்ந்து, கீழே தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவரின் குடைமேல் விழுந்தது. குடை போயிற்று, ஆள் தப்பினார். அதற்குப் பிறகுதான் பொறியாளர்கள் வந்தார்கள். சின்னச் சுத்தியலால் தூணைத் தட்டித் தட்டி, காதை வைத்துக் கேட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வரும்போது ஜீப்பில் பாலத்தைக் கடந்து வந்தவர்கள், போகும்போது நடந்து போனார்கள். ஜீப்பை அதன் டிரைவர் மட்டும் தனியாக ஓட்டிக்கொண்டு பின்னால் போனார். அந்த மனிதருக்கும் குடும்பம் இருந்திருக்கும். யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் பாலத்தின் இரு முனையிலும் தகரப் பலகை நட்டார்கள். 'பாலம் பலவீனமாக உள்ளதால் தற்காலிகமாகப் பேருந்துகள் பயணிகளை இறக்கிவிட்டுக் கடக்கவும்.' அந்தத் தகரம் மழையிலும் வெயிலிலும் துருப்பிடித்து விழுந்தபோது, கெட்டியான இரும்பில், சிமெண்டுத் தளம் போட்டு, பத்துத் தலைமுறைக்கு அசையாத மாதிரி வேறொரு பலகை வைத்தார்கள். அதிலும் 'தற்காலிகமாக' என்றுதான் இருந்தது.

ஆக, பேருந்து பாலத்துக்கு முன்னால் நிற்கும். எல்லோரும் இறங்க வேண்டும். காலிப் பேருந்து நத்தை மாதிரி ஊர்ந்து அக்கரை போய் நிற்கும். நாங்கள் மழையோ வெயிலோ பின்னாலேயே நடந்து போய் மறுபடி ஏறிக்கொள்ள வேண்டும். இடம் பிடித்தவர் இடத்தை இழப்பார். நின்று வந்தவருக்கு ஜன்னலோரம் கிடைக்கும். எங்கள் ஊரில் சமத்துவம் என்று ஏதாவது இருந்தது என்றால், அது அந்த இடத்தில்தான் இருந்தது.

இறக்கிவிடும் பொறுப்பு நடத்துநருடையது. யாராவது ஒருவர் உள்ளே உட்கார்ந்திருக்கப் பாலத்துக்கு ஏதாவது ஆனால், வேலை போவதோடு வழக்கும் வரும் என்று பணிமனையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. அக்கா அதை முழுதாகப் படித்தாராம். பணிமனையிலேயே அதை முழுதாகப் படித்தது அவர் ஒருவர்தான் என்று எங்கள் பேருந்தின் டிரைவர் அண்ணன் சொல்வார். படித்த அன்றைக்கு அக்காவுக்கு வாய் திறந்தது.

"எறங்குங்க! எல்லாரும் எறங்குங்க!"

முதல்நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு நாங்கள் பாலம்தான் விழுந்துவிட்டது என்று நினைத்தோம்.

இறங்காமலிருக்க ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். முட்டி வலி, தலைசுற்றல், புதுச் செருப்பு. ஒரு மரக்கடை முதலாளி இருந்தார். இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் அவர் ஒருவரே நிறைவாக இருப்பார். அவர் ஒருநாள் அசையவே இல்லை.

"நான் ஒருத்தன் உக்காந்திருந்தா பாலம் விழுந்துருமாம்மா?"

"நீங்க ஒருத்தர்தான்னு பாலத்துக்குத் தெரியணுமே சார்" என்றார் அக்கா.

பேருந்தே சிரித்தது. முதலாளி அசடு வழிந்தபடி இறங்கினார். அதற்குப் பிறகு அவர் கார் வாங்கிவிட்டார். காருக்குப் பலகையில் தடை ஒன்றும் இல்லை.

தன் கணவரையும் அக்கா விட்டுவைக்கவில்லை. பழுது பார்த்த தையல் மெஷினோடு அவர் ஒருமுறை எங்கள் பேருந்தில் ஏறினார். பாலம் வந்ததும், 'நம்ம ஆள்தானே' என்ற தைரியத்தில் கண்ணை மூடித் தூங்குவதுபோல் பாவனை செய்தார். அக்கா அவர் தோளைத் தட்டினார்.

"என்னங்க, எறங்குங்க."

"மெஷின் இருக்கும்மா."

"மெஷின் இருக்கட்டும். நீங்க எறங்குங்க."

"மெஷின உள்ள விட்டுட்டு எறங்கினா, எவனாவது தூக்கிட்டுப் போயிட்டா?"

"அப்ப அதையும் எறக்குங்க."

மனிதர் மெஷினைத் தோளில் சுமந்துகொண்டு பாலம் முழுக்க முனகியபடியே நடந்தார். வீட்டில் சில நாள் பேச்சுவார்த்தை இல்லை. அக்காவின் சீருடைச் சட்டை தையலுக்குப் போய்த் திரும்பியபோது, கை இரண்டும் ஒரு பிடி இறுக்கமாக வந்தது. அக்கா அதையே போட்டுக்கொண்டு, கையைத் தூக்க முடியாமல், அன்றிலிருந்து குரலாலேயே எங்களை இறக்கினார்.

இதற்கு நடுவில் எங்கள் கண்ணை உறுத்திய விஷயம் ஒன்று. நாங்கள் வரிசையாகப் பாலத்தில் நடந்துபோகும்போது மணல் லாரிகள் தலைக்குமேல் குவித்த மணலோடு எங்களை உரசிக்கொண்டு போகும். பாலம் அப்படியே ஊஞ்சலாடும். பலகையில் 'பேருந்துகள்' என்றுதானே இருக்கிறது? லாரி என்று இல்லையே. அக்கா ஒருமுறை டிரைவர் அண்ணனிடம் கேட்டார்:

"ஏண்ணே, நம்ம எல்லாரையும் சேத்தாலும் அந்த மணல்ல பாதி கனம் இருப்போமா?"

"மணலுக்கு உசுரு இல்லம்மா. விழுந்தாலும் யாரு அழப்போறா?" என்றார் அண்ணன்.

லாரிகளின் சொந்தக்காரர் யார் என்று அண்ணன் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ஊரில் நல்ல வெயிலிலும் கண்ணாடி ஏற்றிய கார் ஒன்றுதான் உண்டு, அது அவருடையது.

புதுப் பாலம் கட்டப் பணம் வேண்டும் என்று கேட்டு ஊர் மனுப் போட்டது. மேலேயிருந்து வந்த பதில் ரொம்பப் பணிவாக இருந்தது. ஊர்மக்கள் தங்கள் பங்காக ஒரு பகுதியைத் திரட்டிக் காட்டினால், மீதியைப் 'பரிசீலிக்க' அவர்கள் தயாராம். உடனே பாலநிதிக் குழு ஒன்று பிறந்தது. மேசை நாற்காலிக் கடை வைத்திருந்தவர் தலைவரானார். குழு கூடுவதற்கு நாற்காலி அவரிடம்தான் இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

தலைவர் பாலத்தின் இரு முனையிலும் பூட்டுப் போட்ட உண்டியல் வைத்தார். வியாபாரம் தெரிந்தவர். ஆட்கள் இறங்கி, மூச்சு வாங்கி, பாலத்தைத் திட்டிக்கொண்டே நடந்து வந்து நிற்கிற இடம் அதுதான். எரிச்சலில் இருப்பவன் கை தாராளமாக நீளும். எல்லோரும் போட்டோம். அக்காவும் போட்டார். சம்பள நாளில் மறக்காமல் போடுவார்.

அந்தப் பணத்தில் முதலில் புதுப் பாலத்தின் மாதிரி ஒன்று செய்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பாலம், பஞ்சில் செய்த மரங்கள், நீல நிற ஆறு, பாலத்தில் வரிசையாகக் குட்டி விளக்குகள். பெட்டியை வெயிலில் வைக்க முடியுமா? அதற்கு ஓர் அலுவலகம் வேண்டியிருந்தது. அலுவலகம் சூடாக இருந்தால் பசை இளகிவிடும் என்று குளிர்சாதனம் வைத்தார்கள். குளிர்சாதனம் இருக்கிற இடத்துக்குக் காவலாள் வேண்டாமா? தலைவரின் மச்சான் சும்மாதான் இருந்தார். அலுவலகத்துக்கு நாற்காலி எந்தக் கடையில் வாங்கினார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நானும் ஒரு மதியம் போய்ப் பார்த்தேன். நல்ல குளிர்ச்சி. சுவிட்சைப் போட்டால் குட்டி விளக்குகள் எரிந்தன. எங்கள் ஊரில் விளக்கு எரியும் பாலம் அது ஒன்றுதான்.

தேர்தல் நெருங்கியபோது அமைச்சர் பாலத்தைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அதுவும் காரில் இல்லை. மக்களோடு மக்களாக, எங்கள் பேருந்தில். முந்தின நாளே பேருந்தைக் கழுவி, கிழிந்த இருக்கைகளுக்கு உறை போட்டு, ஜன்னலில் யாரோ எழுதிவைத்திருந்த காதல் வாசகங்களைச் சுரண்டினார்கள். பணிமனை மேலாளர் அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நாளைக்கு ஒருநாள் மட்டும் பாலத்துல வண்டிய நிறுத்த வேணாம். நேரா போயிடுங்க."

"சுத்தறிக்கையில அப்படி இல்லையே சார்."

"சுத்தறிக்கைய எழுதினதே நான்தாம்மா. நான் சொல்றேன், போங்க."

"சரி சார்" என்று அக்கா தலையாட்டிவிட்டு வந்தார். மனதாரத்தான் தலையாட்டினார். இதைப் பிறகு அவரே சொன்னார்.

மறுநாள் காலை நானும் அந்தப் பேருந்தில் இருந்தேன். இருந்தேன் என்பதைவிட, சொருகப்பட்டிருந்தேன் என்பது பொருத்தம். அமைச்சர், அவரைக் காக்க நாலைந்து வாட்டசாட்டமான ஆட்கள், அதிகாரிகள், அதிகாரிகளுக்குக் கோப்பு தூக்குபவர்கள், பணிமனை மேலாளர், குழுத் தலைவர், அவர் மச்சான், கேமராக்காரர்கள். பயணிகள் என்று பார்த்தால் கொஞ்சம் பேர்தான், அதுவும் கதவோரம். எங்கள் பேருந்து அவ்வளவு கனத்தை அதற்கு முன் கண்டதே இல்லை. அமைச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இப்படிப் போறதுதான் எனக்குப் புடிக்கும்" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார்.

பாலம் வந்தது. டிரைவர் அண்ணன் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியில் அக்காவைப் பார்த்தார். அக்கா பாலத்தைப் பார்த்தார். உள்ளே இருந்த கூட்டத்தைப் பார்த்தார். மேலாளரைப் பார்த்தார். மேலாளர் 'போ, போ' என்று கண்ணாலேயே விரட்டினார். முன் சக்கரம் பாலத்தில் ஏறப்போகிற நேரம், விசில் சத்தம்.

"எறங்குங்க! எல்லாரும் எறங்குங்க!"

வண்டி நின்றது. மேலாளருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. அமைச்சர் சிரித்த முகம் மாறாமல் கேட்டார்:

"நானுமாம்மா?"

"நீங்க வந்ததாலதான் சார் இவ்வளவு கூட்டம்."

யாரோ ஒரு பயணி பின்னாலிருந்து கொல்லென்று சிரித்தார். (நான் இல்லை.) அமைச்சர் கெட்டிக்காரர். கேமரா ஓடுகிறது என்பதை ஒரு நொடியும் மறக்காதவர். "பாத்தீங்களா, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்!" என்று கையை உயர்த்திச் சொல்லிவிட்டு இறங்கினார். அவர் இறங்கியதும் மொத்தக் கூட்டமும் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு இறங்கியது. நடுப்பாலத்தில் ஆற்றைப் பார்த்தபடி படம் எடுத்துக்கொள்ள அமைச்சர் கைப்பிடியில் சாய்ந்தார். அதில் ஒரு சாண் நீளத் துண்டு கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. பாதுகாவலர்கள் அவரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தார்கள். துருக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே போடுவது என்று தெரியாமல், அக்கரை வரைக்கும் தூக்கிக்கொண்டே நடந்தார். அங்கே போய், "இந்தப் பிரச்சினை வெகுசீக்கிரம் தீர்க்கப்படும்" என்று அறிவித்தார். நாங்கள் கைதட்டினோம். கை கூசாமல் தட்டினோம்.

அன்றைக்கு ஊரே அக்காவைக் கொண்டாடியது. அமைச்சரையே இறக்கியவர், அஞ்சாநெஞ்சம், அது இது என்று என்னென்னவோ சொன்னார்கள். நானும் அடுத்த நாள், "எப்படிக்கா அந்தத் தைரியம் வந்துச்சு?" என்று கேட்டேன்.

"தைரியமா? போங்க தம்பி. எனக்கு நீச்சல் தெரியாது. அவ்வளவு பேரையும் பாத்ததும் வாய் தானா கத்திடுச்சு."

"வீட்டுல என்ன சொன்னாங்க?"

"வேலை போயிடும்னு சொன்னாரு. சொல்லிட்டு, சட்டைக் கைய பிரிச்சு லூசாக்கிக் குடுத்தாரு."

அமைச்சர் வாக்கு மாறவில்லை. பிரச்சினை சீக்கிரமே தீர்க்கப்பட்டது. தீர்த்த விதம்தான் யாரும் எதிர்பாராதது. பாலத்தை மாற்றப் பெருந்தொகை ஆகும், பேருந்தை மாற்றினால் கொஞ்சத்தில் முடியும் என்று எவரோ ஓர் அதிகாரி கண்டுபிடித்தார். பெரிய பேருந்தை எடுத்துவிட்டு, தீப்பெட்டி மாதிரி ஒரு சிற்றுந்து விட்டார்கள். அதற்குப் பாலம் தாங்குமாம். யாரும் இறங்க வேண்டாம். எங்களில் பாதிப் பேருக்கு ஏறவே இடமில்லை என்பதால், இறங்குகிற கேள்வியே எழவில்லை. சிற்றுந்தில் டிரைவரே டிக்கெட் கொடுப்பார். நடத்துநர் தேவையில்லை.

அக்காவுக்கு ஒரு பாராட்டு விழா நடத்தினார்கள். குழுத் தலைவர் கேடயம் கொடுத்தார். அதில் இல்லாத புதுப் பாலத்தின் படம் பொறித்திருந்தது. மறுவாரம் அக்காவைப் பணிமனையில் தவறவிட்ட பொருள்கள் அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை. ஒற்றைச் செருப்புகள், மூடியில்லாத தண்ணீர்ப் பாட்டில்கள், யாருடையது என்று தெரியாத பல்செட் ஒன்று. இவற்றுக்கு நடுவே, குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

அங்கே ஒருநாள் குழுத் தலைவர் வந்து நின்றார். அவர் எதையும் தவறவிடவில்லை. வசூல் படுத்துவிட்டது. பாலத்தில் யாரும் இறங்கி நடப்பதில்லை, உண்டியல் பக்கம் யாரும் வருவதில்லை. குளிர்சாதனத்துக்கு மின்கட்டணம் கட்ட வேண்டும்.

"உங்க குரலுக்கு ஒரு மதிப்பு இருக்கும்மா. சாயங்காலத்துல சந்தையில நின்னு நிதி கேட்டா ஜனங்க குடுப்பாங்க. உங்களுக்கும் ஏதாவது பாத்துச் செய்யலாம்."

"எதுக்கு நிதி சார்?"

"பாலத்துக்குத்தான்."

"அந்தக் கண்ணாடிப் பாலத்துக்கா, ஆத்துல இருக்கிறதுக்கா?"

தலைவர் அப்புறம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை.

புதுப் பாலத்துக்கு வழி பிறந்தது ஒரு மத்தியான வேளையில். மணல் ஏற்றிய லாரி ஒன்று பாலத்தின் நடுவில் போகும்போது தளம் பிளந்து, லாரி பின்பக்கமாக ஆற்றில் சரிந்தது. டிரைவர் கதவைத் திறந்து குதித்து நீந்திக் கரையேறிவிட்டார். நல்லவேளை, பாலத்தில் வேறு யாரும் இல்லை. லாரி மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு ஆற்றில் நின்றது. ஊரே போய் வேடிக்கை பார்த்தது. மருந்துக்கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன்.

போக்குவரத்து நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் படகில் போனார்கள். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். இதெல்லாம் மேலே யாருக்கும் அவசரமாகத் தெரிந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் மணல் நின்றது. மணல் நின்றால் எங்கெங்கோ எத்தனையோ கட்டட வேலைகள் நிற்கும். எத்தனையோ பேருக்குத் தூக்கம் போகும். கண்ணாடி ஏற்றிய கார் தலைநகரத்துக்கு ஒருமுறை போய் வந்தது. இத்தனை வருஷம் இல்லவே இல்லை என்று சொல்லப்பட்ட பணம், ஏதோ சட்டைப்பையில் மறந்துபோய்க் கிடந்தது மாதிரி, எடுத்து நீட்டப்பட்டது. இரவும் பகலும் வேலை நடந்தது. அடுத்த மழைக்காலத்துக்குள் பாலம் தயார்.

திறப்பு விழாவுக்கு அக்காவுக்கு அழைப்பு இல்லை. கணவரைக் கூட்டிக்கொண்டு அவராகவே படகில் அக்கரைக்கு வந்து, பின்வரிசையில் காலியாக இருந்த இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்தார். நான் அவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். மார்பில் ரிப்பன் குத்திய ஓர் இளைஞர் வந்தார்.

"இது அழைப்பிதழ் இருக்கிறவங்களுக்கு. கொஞ்சம் எழுந்திருங்கம்மா."

தையல்காரர் பாதி எழுந்துவிட்டார். அக்கா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"பரவாயில்ல தம்பி. அவங்க வரட்டும், பாத்துக்கலாம்."

"தலைவர் திட்டுவாரும்மா."

"திட்டட்டும். நான் சொன்னேன்னு சொல்லுங்க."

இளைஞர் மேடையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு போய்விட்டார். அழைப்பிதழ் உள்ளவர்கள் யாரும் பின்வரிசைக்கு வரவுமில்லை. அமைச்சர் பேசினார். மக்களின் நீண்டநாள் கனவு என்றார். குழுத் தலைவர் பேசினார். இனி புதுப் பாலத்தின் பராமரிப்புக்காகக் குழு தொடர்ந்து பாடுபடும் என்றார். கல்வெட்டில் அமைச்சர் பெயர், தலைவர் பெயர், லாரிக்காரர் பெயர் எல்லாம் பொன்னெழுத்தில் மின்னின. தட்டில் பிஸ்கட் வந்தது. அக்கா தனக்கு இரண்டும் கணவருக்கு இரண்டுமாக எடுத்துக்கொண்டார். எனக்கும் ஒன்று நீட்டினார்.

பெரிய மனிதர்களின் கார்கள் எல்லாம் போய் முடியும்வரை பொதுமக்களைப் பாலத்தில் விடவில்லை. கயிறு கட்டி வைத்திருந்தார்கள். தையல்காரர் நிலைகொள்ளாமல் இருந்தார். யாருக்கோ அன்றைக்குக் கால்சட்டை தைத்துக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தாராம். கயிற்றை அவிழ்த்ததும் மூவரும் நடந்தோம். பாலம் அசையவே இல்லை. தையல்காரர் நடுவில் நின்று குனிந்து, கைப்பிடியை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தாம்மா கட்டியிருக்கானுங்க."

அக்கா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரியை எப்போதோ தூக்கி எடுத்துவிட்டார்கள். அது கிடந்த இடத்தில் தண்ணீர் லேசாகச் சுழித்துக்கொண்டு போயிற்று.

"அந்த லாரி நல்லா இருக்கட்டும்" என்றார்.

"சரி, வா வா. அந்த ஆளு வந்து கடை வாசல்ல நிப்பான்" என்று தையல்காரர் முன்னால் நடந்தார்.